மறு: முருகைக்கல் (பவளப்பாறை) கண்காணிப்பு - டேற்றா ஃபியூஷனுக்குத் தமிழ்

> தரவுக் கலவை எண்டு போட்டா எல்லாருக்கும் விளங்கும் தானே

விளங்கும் அண்ணை, ஆனா பிழையா விளங்கும். சீமெந்துக் கலவையில இருந்து பிறகு மண்ணைப் பிரிச்செடுக்கேலாது. டேற்றா ஃபியூஷன் எண்டு இங்க செய்மதி தாற கடல் மேற்பரப்பு வெப்பநிலை, தண்ணியின்ர கலங்கல், மழை, முருகைக்கல் நிறம் போய் வெள்ளையாகிறதை ஆக்கள் சுழியோடிப் பாத்து எழுதுற வெளிறல் குறிப்பு, எங்க என்ன வலை போடுகினம் எண்ட விபரம் எல்லாத்தையும் ஒரே இடம் ஒரே நாள் எண்டு நேர்ப்படுத்தி வைக்கிறம், ஆனா ஒவ்வொண்டும் தனியாத் தெரியவேணும். சித்திரை வைகாசியில முருகைக்கல் வெளிறினா பெரும்பாலும் சூடு, அதை நாங்கள் குறைக்கேலாது, அந்தக் கொஞ்ச நாளுக்கு நங்கூரத்தையும் வலையையும் அந்தப் பக்கம் போடாமல் விடச் சொல்லலாம். மாரியில வண்டல் வந்து மூடினா கரையில எங்க மண் கரையுது எண்டு தேடவேணும். ரெண்டையும் கலந்து ஒரு மார்க்கு குடுத்தா பொறுப்பா இருக்கிறவர் எதைச் செய்யிறது?

கோவை எண்டும் யோசிச்சன், சரிவராது, கந்தோரில கோவை எண்டா ஃபைல். நான் சொல்லுறது இணைதரவு. பக்கத்தில பக்கத்தில நிக்கும், கரையாது.

இன்னொண்டு, நோவா (அமெரிக்காவின்ர கடல், வளிமண்டல நிறுவனம்) செய்மதிக் கணக்கு 5 கிலோமீற்றர் பெட்டியா வாறது. மண்டைதீவுப் பக்கம் அப்பிடி ஒரு பெட்டி போட்டா கரையும் ஆழமில்லாத களப்பும் எல்லாம் ஒண்டா விழுந்திடும், ஆழமில்லாத இடத்தில அடித்தரையில பட்டுத் திரும்புற வெளிச்சமும் சேர்ந்து வந்து கலங்கல் கணக்கையும் குழப்பும். அதால தண்ணிக்குள்ள வைக்கிற வெப்பமானியையும் சுழியோடியையும் விட்டிட்டு செய்மதியை மட்டும் நம்பேலாது, இணை எண்ட சொல்லில இதுவும் அடங்குது எண்டுதான் நினைக்கிறன்.

---

> இணைதரவு

எனக்குச் சம்மதம் தம்பி. "ஒருங்கிணைந்த தரவு முகாமைத்துவம்" எண்டு நீட்டி முழக்கிறதை விட எவ்வளவோ மேல். அப்ப டிகிரி ஹீட்டிங் வீக்குக்கு என்ன? அந்த இடத்தின்ர ஆகச் சூடான மாதத்துச் சராசரியை விட 1 பாகையோ அதுக்கு மேலயோ ஏறினதை மட்டும் எடுத்து கடைசி 12 கிழமைக்கும் கூட்டுறது, 4 வந்தா வெளிறத் தொடங்கும், 8 தாண்டினா சாகவும் தொடங்கும். "வெப்ப அழுத்த வாரம்" எண்டு ஒருத்தர் எழுதினவர், அதில கூட்டல் எங்க இருக்கு? வெப்பச்சுமை எண்டு பேர் வைச்சு, அலகை பாகைக்கிழமை எண்டு சொல்லுவம். "வெப்பச்சுமை 4 பாகைக்கிழமை" எண்டா கடற்றொழிலாளர் சங்கத்தில வாசிச்சாலும் ஒருத்தரும் முழிக்கமாட்டினம்.

---

பாகைக்கிழமை நல்லாக் கிடக்கு அக்கா, பாடப்புத்தகத்திலயும் பாகை செல்சியசு தானே. முருகைக்கல்லை மட்டும் ஒருத்தரும் மாத்தவேண்டாம், நெடுந்தீவு வேலிக்கல்லுக்கே அதுதான் பேர். தமிழ்நாட்டு ஆக்களுக்காக முதல் தரம் வாற இடத்தில பவளப்பாறை எண்டும் சேர்த்துப் போடுவம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆக்கள் மறுக்காட்டி மூண்டையும் சொற்பட்டியலில ஏத்திறன்.