மேசை போனில் ஹெட்செட்: ஆம்ப்ளிஃபையர் மாட்டினால் எங்கே இடறுது?

எபென், நெட்வொர்க் பிரிவு:
ஆம்ப்ளிஃபையர்னா போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவுல சத்தத்தைப் பெருக்கற சின்னப் பெட்டி. நம்ம மொரீஷியஸ் ஆபீஸ்கள்ல வேலை செய்யலைன்னு திரும்பி வர்ற ஆம்ப்ளிஃபையர்ல பெரும்பாலானதுல பழுதே இருக்காது. அடியில இருக்கிற சுவிட்ச் சரியான நிலையில இல்லை, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி இணைப்பைச் சொல்லிடறேன்.

ரிசீவரோட சுருள் வயரை போன் பக்கம் மட்டும் கழற்றுங்க, ரிசீவர் பக்கம் தொட வேண்டாம். கழற்றின முனை ஆம்ப்ளிஃபையர்ல ரிசீவர் படம் போட்ட துளைக்குப் போகணும். ஆம்ப்ளிஃபையரோட வர்ற குட்டி வயரை, போன்ல காலியான அந்தத் துளையில செருகுங்க. ஹெட்செட் வயருக்கு ஹெட்செட் படம் போட்ட துளை. பிளான்ட்ரானிக்ஸ் எம்22 மாதிரி பெட்டிக்கு 2 ஏஏ பேட்டரி போதும்.

இப்போ ரிசீவரைத் தூக்கி மேசை மேல வையுங்க. ஆம்ப்ளிஃபையர் பட்டனை ஹெட்செட்டுக்கு மாத்துங்க. காதுல டயல் டோன் தெளிவா வர்ற வரைக்கும் அடியில இருக்கிற சுவிட்சை ஒவ்வொரு நிலையா நகர்த்துங்க. டோன் கேட்டதும் முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடாதீங்க, அது பாதி வேலைதான். மைக்ல லேசா ஊதுங்க. ஊதுற சத்தம் உங்க காதுலயே மெல்லிசா கேட்கணும். கேட்கலைன்னா அடுத்த நிலை. கடைசியா பக்கத்து மேசைக்கு ஒரு போன் போட்டு, உங்க குரல் எப்படி இருக்குன்னு கேளுங்க. ரெண்டு நிலையில டோன் வரலாம், ஆனா ஒண்ணுலதான் குரல் முழுசா இருக்கும்.

போர்ட் லூயி, போன் பழுது பார்ப்பவர்:
அண்ணா சொன்ன சுவிட்ச் எதுக்குன்னு தெரிஞ்சா குழப்பம் வராது. ரிசீவர் வயருக்குள்ள 4 கம்பி. பல போன்ல நடுவுல இருக்கிற ரெண்டும் காதுக்கு, ஓரத்துல இருக்கிற ரெண்டும் மைக்குக்கு. எல்லாக் கம்பெனியும் அப்படி வைக்கிறதில்லை. மைக்கும் ஒரே ஜாதி இல்லை. பழைய போன்ல கரி மைக், புதுசுல எலெக்ட்ரெட், ஒவ்வொண்ணும் கேட்கிற மின்சாரம் வேற. எந்தக் கம்பி எங்கே, மைக்குக்கு என்ன வேணும், இது ரெண்டையும் பொருத்தறதுதான் அந்தச் சுவிட்ச். ஆம்ப்ளிஃபையர் இல்லாம நேரா மாட்டற ஜாப்ரா ஜிஎன்1200 வயர்லயும் இதே காரணத்துக்காக 8 நிலை வச்சிருக்காங்க.

இன்னொண்ணு. சுவர்ல இருந்து லைன் வர்ற துளை, ரிசீவர் துளையைவிட அகலம். ரிசீவர் பிளக் அதுக்குள்ள ஆடிக்கிட்டே போயிடும். சாதாரண லைன்ல 48 வோல்ட் இருக்கு, மணி அடிக்கும்போது இன்னும் அதிகம். ஆம்ப்ளிஃபையரை அங்கே செருகினா பெட்டி போச்சு.

ரோஸ் ஹில், கால் சென்டர் மேற்பார்வை:
பெட்டியில வர்ற விளக்கத்தாள் பிரெஞ்சுல மட்டும் இருந்தா புதுசா வர்றவங்க திணறுறாங்க. கோம்பினேன்னா ரிசீவர், காஸ்க்னா ஹெட்செட், பீல்னா பேட்டரி, சூர்தின்னா மியூட். இந்த நாலும் போதும்.

வால்யூம்ல எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்றாங்க, போன், ஆம்ப்ளிஃபையர் ரெண்டையும் உச்சத்துல வைக்கிறது. போன் வால்யூமை நடுவுல விடுங்க. ஆம்ப்ளிஃபையரை அடியில இருந்து ஏத்துங்க. மறுமுனையில இருக்கிறவர் தன் குரலே திரும்பக் கேட்குதுன்னு சொன்னா, உங்க காதுல வர்ற சத்தம் மைக்குக்குள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். மைக்கைத் தொடாதீங்க, காது வால்யூமைக் குறைங்க. மைக் வாய்க்கு நேரா வேண்டாம். உதட்டு ஓரத்துல, ரெண்டு விரல் தள்ளி. நேரா வச்சா "ப", "ப்ப" எல்லாம் வெடிக்கும்.

"ட்ட-ட்ட-ட்ட"ன்னு கிட்டக் கிட்ட அடிச்சா, பெட்டி பக்கத்துல யாரோ கைபேசியை வச்சிருக்காங்க. நகர்த்தினா நின்னுடும்.

எபென், நெட்வொர்க் பிரிவு:
ஒண்ணு விட்டுட்டேன். போன்ல ஹெட்செட் படம் போட்ட பட்டனும், அதுக்குத் தனித் துளையும் இருந்தா ஆம்ப்ளிஃபையரே தேவையில்லை. இப்போ இருக்கிற ஐ.பி. போன், அதாவது நெட்வொர்க் வழியா பேசற போன், நிறைய அப்படித்தான். அந்தப் போனுக்குப் பொருந்தற நேரடி வயர் மட்டும் வாங்குங்க. இருக்கிற பெட்டி வீணாகக்கூடாதுன்னு அந்தத் துளையில ஆம்ப்ளிஃபையரைச் செருகறவங்க உண்டு. ஏற்கெனவே பெருக்கின சத்தத்தை இன்னொரு தடவை பெருக்கினா, உஸ்ஸுன்னு இரைச்சலும் எதிரொலியும்தான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபையர்னா அது ரிசீவர் துளைக்கு மட்டும்.

க்யூர்பிப்:
இங்கே தூறலும் ஈரமும் வருஷம் முழுக்க. ஹெட்செட் வயர் நடுவுல பிரிக்கிற இணைப்பு இருக்கே, அதுக்குள்ள இருக்கிற பின்னுல பச்சை பூத்துடும். அசைச்சா சத்தம் வருது, விட்டா போகுதுன்னா அதுதான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சுக் குச்சியால துடைச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு மாட்டுங்க. பிளான்ட்ரானிக்ஸ் இணைப்பும் ஜாப்ரா இணைப்பும் பார்க்க ஒரே மாதிரி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாது. அழுத்தினா பின்தான் உடையும்.

லீவுல போறவங்க பேட்டரியைக் கழற்றி வச்சுட்டுப் போங்க, ஒழுகினா ஸ்பிரிங் அரிச்சுடும்.

காத்ர் போர்ன்:
பேசி முடிச்சதும் ஹெட்செட்டைக் கழற்றி வச்சா லைன் கட்டாகாது. ரிசீவரை அதன் இடத்துல வைக்கணும். மறந்தா கூப்பிடறவங்களுக்கெல்லாம் பிஸி டோன். ரிசீவரைத் தூக்கி இறக்கற லிஃப்டர்னு ஒரு கருவி உண்டு, ஆனா அது வயர் இல்லாத ஹெட்செட்டோடதான் ஜோடி.

ஒரு கேள்வி: சிக்ளோன் காலத்துல கரண்ட் போனா என்ன ஆகும்? பேட்டரிக்குப் பதிலா அடாப்டர் போட்டா நல்லதா?

போர்ட் லூயி, போன் பழுது பார்ப்பவர்:
பேட்டரியே இருக்கட்டும் தம்பி. அடாப்டர் மாட்டினா சில இடத்துல "ம்ம்ம்"னு 50 ஹெர்ட்ஸ் முனகல் காதுல ஏறும். நம்ம ஊர்ல சாக்கெட்டும் ரெண்டு ஜாதி, மூணு கட்டைப் பின் ஒண்ணு, ரெண்டு உருண்டைப் பின் ஒண்ணு. கைக்குக் கிடைச்ச அடாப்டரைச் செருகறதுக்கு முன்னாடி, அது எத்தனை வோல்ட் கொடுக்குதுன்னு பாருங்க. அதோட பெட்டி பேட்டரியில ஓடினாலும், உங்க ஐ.பி. போன் லேன் கேபிள் வழியாத்தான் கரண்ட் எடுக்குது. அந்தக் கேபிள் போய்ச் சேர்ற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிக்கு யுபிஎஸ் இல்லைன்னா போன் முதல்ல சாகும். வகுப்பு 3 சிக்ளோன் எச்சரிக்கை வந்தா ஆபீஸே மூடிடுவாங்க, அது வேற கதை.