கராஜ் கதவு டிராக்கை விட்டு வெளியே வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

ட்ராய், மிச்சிகனிலிருந்து:

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெளியே மைனஸ் 14 டிகிரி. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக வேண்டும். காரை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. சுவரில் இருக்கும் பட்டனை அழுத்தினேன். எங்களுடையது இரண்டு கார் நிற்கிற கராஜ். 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரே கதவு. கீல் வைத்துக் கோத்த பலகைகள், இரண்டு ஓரத்திலும் சக்கரங்கள். அந்தச் சக்கரங்கள் ஓடும் இரும்புத் தடம்தான் டிராக்.

கதவு ஒரு முழம் ஏறியிருக்கும். சாட்டையைச் சொடுக்கினது மாதிரி ஒரு சத்தம். இடது மூலை அப்படியே தொங்கிவிட்டது. வலது பக்கம் மட்டும் ஏறப் பார்த்து, கதவு கோணலாகச் சிக்கி நின்றது. மோட்டாரும் உறுமிவிட்டு நின்றுபோனது.

நான் தவறு செய்தது அதற்கப்புறம்தான். கீழே இறங்கிவிடும் என்று நினைத்து மறுபடி பட்டனை அழுத்தினேன். இறங்கவில்லை. மோட்டார் இழுத்த இழுப்பில் மேல் பலகை வளைந்தது. வலது பக்கச் சக்கரங்கள் இரண்டு டிராக்கின் விளிம்பைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தன. பையன் புத்தகப் பையோடு கதவுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தான். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கக் கை நீட்டினேன். கதவு மாட்டிக்கொண்டால் அதை இழுக்க வேண்டும் என்றுதான் எங்கேயோ படித்திருந்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே "தொடாதே!" என்று கத்தினார். அந்த நேரத்தில் கதவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்ததே மோட்டாரின் பிடியும், சிக்கிக்கொண்ட சக்கரங்களும்தான். கயிற்றை இழுத்திருந்தால் மோட்டாரின் பிடி விட்டுப்போயிருக்கும். 70, 80 கிலோ எடை தரைக்கு வந்திருக்கும்.

அவர் வீட்டுக்குப் போய் இரண்டு வைஸ்கிரிப் குறடும் (கவ்வினால் அப்படியே பூட்டிக்கொள்ளும் குறடு) இரண்டு மரக்கட்டைகளும் எடுத்து வந்தார். முதலில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். இரண்டு பக்கமும் கதவுக்கடியில் கட்டையை நிறுத்தினார். சக்கரத்துக்குக் கீழே டிராக்கை வைஸ்கிரிப்பால் கவ்விப் பிடித்தார். எல்லாம் பத்து நிமிடம். அப்புறம்தான் மூச்சே வந்தது. பையனை முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு அவருடைய காரிலேயே பள்ளிக்குப் போனோம்.

மத்தியானம் பழுது பார்ப்பவர் வந்தார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் இந்தக் கதவு எப்படி ஓடுகிறது என்றே எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் திறந்து மூடுகிற பொருள்! மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று நினைத்திருந்தேன். அது தள்ளிவிடுவதோடு சரி. எடையைத் தாங்குவது கதவுக்கு மேலே தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான். தண்டின் இரண்டு முனையிலும் ஒரு உருளை, அதிலிருந்து இறங்கும் இரும்புக் கேபிள், அது போய் மாட்டுகிற இடம் கதவின் கீழ்மூலை. ஒரு கேபிள் அறுந்துவிட்டால் ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் மறுபக்கக் கேபிளுக்குப் போய்விடும். கதவு சாய்வதும் சக்கரம் டிராக்கை விட்டு வெளியே வருவதும் அதனால்தான். டிராக் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அறுந்த முனையை என் கையில் கொடுத்தார். எட்டில் ஒரு அங்குலத் தடிமன்தான். முனை மட்டும் பழைய விளக்குமாறு மாதிரி பிரிந்திருந்தது. ஒவ்வொரு இழையும் செம்பழுப்பாகத் துருவேறி, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் மேலே பார்த்தால் கேபிள் புதுசு மாதிரி பளபளப்பாக இருக்கிறது! இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். கார் அந்த உப்புப் பனியைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. அது உருகி ஓடிக் கதவின் அடியில் தேங்குகிறது. கேபிள் மாட்டியிருக்கும் மூலை உப்புத் தண்ணீரிலேயே ஊறுகிறது. வருடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

தண்டு சுழலாமல் இருக்க முதலில் அதில் ஒரு குறடைக் கவ்விவிட்டார். பிறகு இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும், ஓட்டைகள் போட்ட கூம்பில் மாற்றி மாற்றிச் செருகி, கால் கால் சுற்றாக முறுக்கைத் தளர்த்தினார். 7 அடிக் கதவுக்கு ஏறக்குறைய 30 கால் சுற்று வரும் என்றார். கம்பிக்கு நேராக முகத்தை ஒரு தடவைகூடக் கொண்டு போகவில்லை. முறுக்கு முழுக்க இறங்கின பிறகுதான் சக்கரங்களை டிராக்குக்குள் ஏற்றினார். விளிம்பை மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தினார். கேபிளை இரண்டு பக்கமும் மாற்றினார். ஒன்று போனால் இன்னொன்றும் அதே வயதுதானே?

மூன்று மணி நேர வேலை. வளைந்த மேல் பலகைக்கு ஒரு இரும்புச் சட்டம் போட்டுத் தந்தார். அந்தப் பலகைக்கான செலவு, நான் இரண்டாவது தடவை பட்டனை அழுத்தியதற்கானது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். புதிதாக வீடு வாங்குகிற நம் ஆட்களுக்கு உதவும். ஊரில் நாம் இந்தக் கதவோடு வளரவில்லை.

*

டாலஸிலிருந்து:

சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு விஷயம் ஞாபகம் வந்தது. எங்களுக்குப் பனியும் இல்லை, உப்பும் இல்லை. காரின் டிக்கி திறந்திருந்ததைக் கவனிக்காமல் கதவை மூடிவிட்டேன், அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தின நாள், கை நிறைய மளிகைப் பைகள். எஸ்யூவியின் பின்கதவு மேலே தூக்கி நிற்கிறது. கராஜ் கதவு இறங்கி நேராக அதன்மேல் உட்கார்ந்தது.

கீழே சென்சார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களில், குறுக்கே யாராவது இருந்தால் கதவு திரும்ப ஏறும் பாதுகாப்பு கட்டாயம். ஆனால் அந்தச் சென்சாரின் கண் தரையிலிருந்து 6 அங்குல உயரத்துக்குள் இருக்கிறது. தவழும் குழந்தை தெரியும். ஆள் உயரத்தில் நிற்கிற டிக்கி தெரியாது. கதவு இடித்த பிறகுதான் மோட்டார் திருப்பி ஏற்றியது. அதற்குள் கேபிள் தொய்ந்து, ஒரு பக்கம் உருளையை விட்டு நழுவிவிட்டது. கதவு சாய்ந்து ஏறி, பாதியில் ஒரு சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டு நின்றது.

நான் சொல்ல வந்தது இதற்கப்புறம் நடந்தது. அவசரத்தில் தேடியபோது முதலில் கிடைத்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். வந்து பார்க்க 39 டாலர் என்றார்கள். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஸ்பிரிங், கேபிள், சக்கரம், டிராக் எல்லாம் போச்சு, 1,400 டாலர் ஆகும், இன்றைக்கே சொன்னால் 1,200-க்கு முடிக்கிறேன் என்றார். கதவு பாதியில் தொங்குகிறது, வீட்டில் மாமியாரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மாமியார்தான் "அவசரப்படாதம்மா, இன்னொருத்தரைக் கூப்பிடு" என்றார். கட்டை கொடுத்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். மாலையில் வந்தவர் எதையும் மாற்றவில்லை. கேபிளை உருளையில் திரும்பச் சுற்றி, சக்கரத்தை ஏற்றி, 220 டாலர் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஸ்பிரிங் இன்றுவரை ஓடுகிறது.

கதவு கோணலாக நிற்கிறபோது பயத்தில் எதற்கும் தலையாட்டத் தோன்றும். கட்டை கொடுத்து நிறுத்தி, ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் ஒரு ராத்திரிகூட அப்படியே விடலாம். எது எது தேய்ந்திருக்கிறது, கையில் எடுத்துக் காட்டுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள்.

*

ஸ்காபரோ, கனடாவிலிருந்து:

வணக்கம் அண்ணை. எங்களுடையது சின்ன விஷயம், நானும் மச்சானும் சேர்ந்து திருத்தினோம். பனி அள்ளும் மெசினை உள்ளே தள்ளும்போது அதன் முனை டிராக்கில் இடித்து விளிம்பு நெளிந்துவிட்டது. அடுத்தமுறை கதவு இறங்கும்போது நெளிந்த இடத்தில் நடுச் சக்கரம் ஒன்று வெளியே வந்துவிட்டது. கதவு முழுதாக மூடித் தரையில் இருந்தது, கேபிள் இரண்டும் இறுக்கமாக உருளையில் இருந்தன. அதை வடிவாகப் பார்த்த பிறகுதான் கை வைத்தோம். கேபிள் தொய்ந்திருந்தால் தொட்டே இருக்கமாட்டோம்.

பிளக்கைக் கழற்றினோம். கதவு மேலே எழும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே டிராக்கைக் குறடால் கவ்விவிட்டோம். சக்கரம் நிற்கும் இடத்தில் மட்டும் விளிம்பைக் கொஞ்சம் விரித்து, மச்சான் கதவை உள்ளுக்குத் தள்ள, சக்கரம் டிராக்குக்குள் விழுந்தது. பிறகு விளிம்பைப் பழையபடி மடித்து, ரப்பர் சுத்தியலால் தட்டி நேராக்கி, மட்டம் வைத்துப் பார்த்தோம். முதல்முறை மோட்டாரால் ஓட்டவில்லை. கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் மெதுவாக ஏற்றி இறக்கினோம்.

கீழ்மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகட்டின் ஆணியைத் தயவுசெய்து யாரும் கழற்றாதீர்கள். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. எங்கள் கதவில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. பழைய கதவுகளில் அது உரிந்து போயிருக்கும். மற்றச் சக்கரங்களைப் பார்த்துப் பழகிய கை தானாக அந்தத் தகட்டுக்கும் போகும்.

*

மதுரையிலிருந்து:

எங்கள் கதை கராஜ் இல்லை, கடை ஷட்டர். ஆனால் நோய் ஒன்றுதான். அப்பாவின் பாத்திரக்கடை ஷட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைடு சேனலை, அதாவது இரண்டு ஓரத்திலும் அது ஓடும் இரும்புத் தடத்தை, விட்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளிவிட்டுப் போவார். கடைசியாக வந்த வயதான மிஸ்திரி தட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம், "அண்ணாச்சி, ஒரு தடவை மூடிக் காட்டுங்க" என்றார். அப்பா கொக்கிக் கம்பியால் இழுத்து, கை எட்டும் உயரம் வந்ததும் எப்போதும் போல வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கடைசியில் இடது ஓரம் இறங்காததால் காலால் ஒரு மிதி.

"அதுதான்" என்றார் மிஸ்திரி. ஒரே பக்கம் இழுத்து இழுத்து பட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. நகராமல் பிடிக்க பட்டை முனையில் இருக்க வேண்டிய கிளிப்புகளில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. அவர் பட்டைகளை ஒவ்வொன்றாக நேர்செய்து புதுக் கிளிப் அடித்தார். சேனலில் நாங்கள் ஊற்றி வைத்திருந்த பழைய இன்ஜின் ஆயிலைத் துணியால் துடைத்தெடுத்தார். அது தெருப்புழுதியோடு சேர்ந்து களிமண் மாதிரி கெட்டியாகி இருந்தது. அன்றிலிருந்து அப்பா நடுவில் நின்று இரண்டு கைப்பிடியையும் சேர்த்து இழுக்கிறார். இரண்டு வருடமாக ஷட்டர் வெளியே வரவில்லை.

*

மீண்டும் ட்ராயிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மதுரை நண்பர் சொன்ன ஆயில் விஷயம் எங்களுக்கும் பொருந்தும். எங்களுக்கு வந்தவரும் டிராக்கில் எதுவும் பூசாதே, துடைத்தால் போதும் என்றார். சக்கரத்தின் பேரிங், கீல், ஸ்பிரிங் இவற்றுக்கு மட்டும் லித்தியம் கிரீஸ்.

ஸ்பிரிங் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாதாரண ஸ்பிரிங்குகள் 10,000 தடவை ஏறி இறங்கும் கணக்கில் செய்யப்படுகின்றன. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடம்கூட முழுதாக வராது. எங்களுடையது பன்னிரண்டு வருடம். கோடை வந்ததும் அதையும் மாற்றிவிட்டேன். கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரித்துவிட்டு, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாகப் பிடியைத் தளர்த்திப் பார்க்கிறேன். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. தானாக இறங்கினாலோ ஏறினாலோ ஆளைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் முடிந்து உப்பு போடுவது நின்றதும், கதவின் இரண்டு கீழ்மூலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுக்கிறேன். இழை ஏதாவது பிரிந்திருக்கிறதா என்று பையன் டார்ச் அடித்துப் பார்க்கிறான். கதவு ஏறும்போது அவன் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் காட்டியிருக்கிறோம். கதவு முழுக்க ஏறி நிற்கிற வரை அவன் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.