மறுமொழி: ‘சந்துப் பயிர்’ வேண்டாம், ‘நிரையிடைப் பயிர்’ எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மரமும் பயிரும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு வேளாண்காடு என்ற சொல் நிலைத்துவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. அதன் உட்பிரிவு, மர வரிசைகளுக்கு நடுவே பயிர் செய்யும் ‘ஆலி கிராப்பிங்’ (alley cropping). நம் சொல்தொகுப்புக்காக அதற்கு மூன்று நாளாக இங்கே வரும் தமிழ்ச் சொற்களைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

> ஊடுபயிர் என்றே விட்டுவிடலாமே?

ஈரோட்டு ஐயா, கரும்புக்குள் உளுந்து போட்டாலும் ஊடுபயிர்தான், தென்னைக்குள் வாழை வைத்தாலும் ஊடுபயிர்தான். அங்கே முதற்பயிருக்கு வேண்டிய இடம் போக மிஞ்சியதில் இன்னொன்றைப் போடுகிறோம். இங்கே நடவு நாளிலேயே நடுவில் டிராக்டர் போகணும், வெயில் விழணும் என்று கணக்குப் போட்டு மரங்களை அகல அகல வரிசை பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரிப் பக்கம் கறுப்பு அக்ரூட் மரங்களைச் சுமார் 12 மீட்டர் தள்ளித் தள்ளி வரிசையாக நட்டு, நடுவே சோயாவும் மக்காச்சோளமும் விதைப்பது இந்த வகை. பருப்பு கைக்கு வரப் பத்தாண்டு, பலகைக்கு மரம் தேற ஐம்பதாண்டுக்கு மேல். அதுவரை குடும்பத்துக்குச் சோறு போடுவது நடுவில் விளைவதுதான்.

> சந்துப் பயிர் அல்லது இடைகழிப் பயிர்

சந்து என்றால் எங்கள் ஊரில் கடைவரிசைக்குப் பின்னால் சாக்கடை ஓடும் இடம். இடைகழி அருமையான சொல். ஆனால் திருக்கோவலூர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே நெருக்கம்தான் மனத்தில் வரும். நாம் பெயர் தேடுவது தாராளமான அகலத்துக்கு.

நான் முன்வைப்பது நிரை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பால்மரம் (ரப்பர் மரம்) நிற்கும் வரிசைக்கு நிரை என்றுதான் பெயர். பெரட்டு (காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுவது) முடிந்ததும் ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக்கொண்டு போவார்கள். அம்மா உளியும் வாளியுமாக விடியுமுன்பே கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்க நானும் பின்னால் போவேன். எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் கூப்பிட்டால், “ரெண்டு நெரை தள்ளி இருக்கேன்டா” என்று இருட்டிலிருந்து குரல் வரும். மறுநடவு செய்த காட்டில் கன்றுகள் பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டாகும். முதல் இரண்டு மூன்று ஆண்டு, நிரைக்கும் நிரைக்கும் நடுவில் மரவள்ளி, நிலக்கடலை, வாழை வைத்துக்கொள்ளத் தோட்டத்தில் விட்டார்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அது ஒற்றை மரம். மரங்கள் பெருகித் தோட்டமாகி வரிசை கட்டியபோது, அந்த வரிசைக்கு நம் ஆட்கள் கொடுத்த பெயரை நாமே மறப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

> ஆநிரை நினைவு வராதா? நிறையோடு குழம்பாதா?

யாழ்ப்பாணத்து அக்கா, உங்கள் ஊர்க் கணக்குப் பாடத்திலேயே நிரை, நிரல் இருக்கிறதே. தமிழ்நாட்டு அணிக்கணக்கிலும் அதே சொற்கள்தாம். எழுத்துக் குழப்பம் வரலாம் என்ற அச்சம் நியாயம். இடையின ரகரம் என்று சொல்தொகுப்பில் ஒரு குறிப்புப் போட்டுவிடலாம்.

‘நிரையிடைப் பயிர்’ என்பதில் நிரை முன்னால் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் என்ன வைக்கலாம் என்பதை மரம்தான் தீர்மானிக்கிறது. கறுப்பு அக்ரூட்டின் வேரிலிருந்து இறங்கும் ஜுக்லோன் என்ற வேதிப்பொருள் தக்காளியை வாட்டிவிடும். அந்த நிரைக்குப் பக்கத்தில் தக்காளி ஆகாது.

இனி உட்பிரிவு. 1970களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் சவுண்டலையும் கிளைரிசிடியாவையும் வேலிபோல் நெருக்கி நட்டார்கள். வரிசைகளுக்கு நடுவே 4 மீட்டர் அளவில் இடம். மரத்தை உயரவிடாமல் அடிக்கடி வெட்டித் தழையை மண்ணில் பரப்பினார்கள். (சவுண்டலுக்கு நம் ஊரில் பெத்தாய் பெலாலாங் என்று சொன்னால் உடனே புரியும்.) அதற்கும் ஆலி கிராப்பிங், டுரியானோ, பலகை மரமான செந்தாங்கோ நெடுமரமாக நின்றாலும் ஆலி கிராப்பிங். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே பெயரில் கிடக்கின்றன. நாம் பிரித்துவிடலாம். தழைக்காக வெட்டும் வரிசை தழைநிரை. பழம், பருப்பு, பலகைக்காக நிற்பது மரநிரை. நடுவில் உள்ள நிலம் நிரையிடை. அதில் விளைவது நிரையிடைப் பயிர்.

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்கு 143 மரம். மட்டை விரிந்தபின் எந்தப் பக்கமும் வெயில் இறங்காது. இளங்கன்றாக இருக்கும் வரைதான் பொருந்தும்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் முடிவான சொல் இல்லை. கிளைகள் கோத்து, நிரையிடையில் வெயில் நின்றுபோகும் கட்டம். ‘விதான மூடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விதானம் கோயிலுக்குப் போய்விடுகிறது. “நெரை மூடிருச்சு, இனி கடல வராது” என்று அம்மா சொன்னது காதில் இருப்பதால் நிரைமூடல் என்று எழுதிப் பார்க்கிறேன். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள். தொகுப்பில் அந்த வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.