உதவி: ஒரே அளவு டிஸ்க் நான்கு முறை தெரிகிறது, கூடவே ஒரு மஞ்சள் விளக்கு

கப்பலூர்வாசி:
அண்ணன்மாருக்கு வணக்கம். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன். ஸ்டோரேஜ் பக்கம் எனக்குப் புதுசு. முன்பு பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எழுதி வைத்தது எதுவும் இல்லை.

ஸ்டோரேஜ் பெட்டியில் 4 டிபி டிஸ்க் 8 இருக்கிறது. 32 டிபி வரவேண்டும் அல்லவா? விண்டோஸில் 18.19 டிபிதான் காட்டுகிறது. அதைவிடக் குழப்பம், சர்வரில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் அதே 18.19 நான்கு முறை வருகிறது. ஒன்று ஆன்லைன், மூன்று ஆஃப்லைன். அந்த மூன்றையும் ஃபார்மேட் செய்தால் மிச்ச இடம் கிடைக்குமா? ஐந்தாவது டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. கழற்றிவிடலாமா? கணக்கு டேட்டா முழுக்க இதில்தான் இருக்கிறது.

சிம்மக்கல் அண்ணன்:
தம்பி, அந்த மூன்றிலும் கை வைத்துவிடாதீர்கள். நான்கும் ஒரே லன் தான், அதாவது ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் ஒரே துண்டு. ஒன்றை அழித்தால் எல்லாம் போகும்.

பெட்டியின் பின்பக்கம் பாருங்கள், டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு இருக்கும். சர்வரை ஸ்டோரேஜுடன் இணைக்கும் எச்பிஏ கார்டில் போர்ட் இரண்டு. போர்ட் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி உண்டு, ஆக நான்கு பாதை. ஒரு கேபிளோ கன்ட்ரோலரோ படுத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள விண்டோஸுக்கு மல்டிபாத் ஐஓ என்கிற ஃபீச்சர் வேண்டும். புதிதாகப் போட்டபோது அது விட்டுப்போயிருக்கும். சர்வர் மேனேஜரில் அதைச் சேர்த்து, அந்த அமைப்பில் உங்கள் ஸ்டோரேஜ் மாடலைத் தேர்ந்தெடுத்து, ரீபூட் செய்யுங்கள். முதலில் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

18.19 கணக்குக்கு வருகிறேன். எட்டில் ஒன்று ஹாட் ஸ்பேர், அதாவது எதுவும் எழுதாமல் காத்திருக்கும் டிஸ்க். மீதி ஏழும் ரெய்டு 6, அதாவது டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பும்படி சேர்த்துக் கட்டியது என்று நினைக்கிறேன். அதில் இரண்டு டிஸ்க் அளவு பேரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கின் டேட்டாவை மீட்க உதவும் கணக்குக்குப் போகும். இரண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது. மிச்சம் 5 x 4 = 20 டிபி. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும், விண்டோஸ் 1024 ஆக எண்ணும். அதனால் 20 என்பது 18.19 ஆகத் தெரிகிறது. இந்த ஏழு டிஸ்க் கூட்டம்தான் ரெய்டு குரூப். அதிலிருந்து வெட்டிச் சர்வருக்குக் கொடுக்கும் துண்டு லன். எந்த லன் எந்தச் சர்வருக்கு என்பது எச்பிஏ கார்டுக்கே உரிய டபிள்யூடபிள்யூஎன் என்ற அடையாள எண்ணை வைத்து ஸ்டோரேஜில் பதிவாகியிருக்கும். கார்டை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும், மறந்தால் லன் காணாமல் போகும்.

திருநகர் அக்கா:
மஞ்சள் விளக்கைப் பற்றி நான் சொல்கிறேன், அந்த டிஸ்க் பழுது என்று அர்த்தம். ஹாட் ஸ்பேர் இருந்தால் அது இந்நேரம் அந்த இடத்தை எடுத்து ரீபில்ட், அதாவது பழுதான டிஸ்க்கின் டேட்டாவை அதில் திரும்ப எழுதுவது, ஆரம்பித்திருக்கும். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், வேலை நேரத்தில் இன்னும் இழுக்கும். ஸ்டோரேஜின் மேனேஜ்மென்ட் திரையில் ரீபில்ட் முடிந்தது என்று வரும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

இன்னொன்று, பல பெட்டிகளில் ஸ்லாட் எண் 0 இலிருந்து தொடங்கும். நீங்கள் எண்ணும் ஐந்தாவது டிஸ்க் திரையில் ஸ்லாட் 4 ஆக இருக்கும். நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது இப்படித்தான் நடக்கிறது. லொகேட் என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் அந்த டிஸ்க்கின் விளக்கு மட்டும் சிமிட்டும். அதைப் பார்த்துக் கழற்றுங்கள்.

அப்புறம், உங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் சர்வரை முதலில் அணையுங்கள், ஸ்டோரேஜைக் கடைசியில். போடும்போது டிஸ்க் ஷெல்ஃப், கன்ட்ரோலர், பிறகுதான் சர்வர்.

கப்பலூர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பேக்கப்பைச் சோதித்துவிட்டு மல்டிபாத் போட்டேன். இப்போது டிஸ்க் ஒன்று, பாதை நான்கு. ரெய்டு 6 தான், ரீபில்டும் முடிந்துவிட்டது. புது டிஸ்க் போட்டால் பழைய ஸ்பேர் தானாகத் திரும்பிவிடுமா?

சிம்மக்கல் அண்ணன்:
மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் காப்பிபேக், அதாவது ஸ்பேரில் இருப்பதைப் புது டிஸ்க்குக்கு மாற்றுவது, தானாக நடக்கும், சிலவற்றில் புது டிஸ்க்கே ஸ்பேர் ஆகிவிடும், சிலவற்றில் நீங்களே ஸ்பேர் என்று குறிக்க வேண்டும். திரையில் ஹாட் ஸ்பேர் 1 என்று காட்டுகிற வரை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி.