கல்லில் தெரிவது தங்கமா? எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெண்டிகோ பக்கம் அலைபவன்

மெல்போர்னில் இருந்து ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் பெண்டிகோ, இன்னும் கொஞ்சம் போனால் மேரிபரோ, டுனோலி. 1850களில் தங்கம் தேடி உலகமே மண்வெட்டியோடு வந்து இறங்கிய ஊர்கள். ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்தில் மைனர்ஸ் ரைட் என்று ஒரு அனுமதி உண்டு. ஒரு தடவை பணம் கட்டினால் பத்து வருஷம் செல்லும். கைக்கருவி வைத்துத் தேடலாம், கிடைப்பது நமக்கே. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தேசியப் பூங்கா என்றால் பெரும்பாலும் நுழையவே கூடாது, போகுமுன் வரைபடம் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் குனிந்து எடுப்பது வெயிலில் பளபளக்கிற கல்லைத்தான். அதை வாங்கி என் தொப்பி நிழலில் வைத்துத் திருப்பிக் காட்டுவேன். ஒரு கோணத்தில் மின்னி மறு கோணத்தில் அணைந்துபோனால் அநேகமாக காக்காப்பொன் அல்லது பைரைட் என்கிற, தங்கம் மாதிரி மின்னும் இரும்புத் தாது. தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாகக் கிடக்கும்.

அடுத்தது ஊசி. குத்தினால் தங்கம் பள்ளம் விழும், அழுத்தினால் நசுங்கும். பைரைட் ஊசிக்கு அசையாது, ஓங்கித் தட்டினால் பொடியாகும். காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். குழப்புவது சால்கோபைரைட் என்கிற செம்புத் தாது. மஞ்சள் இன்னும் அடர்த்தி, இரும்பு ஊசி கீறவும் செய்யும். ஆனால் கீறிய இடத்தில் கரும்பச்சைப் பொடி வரும். தங்கத்தைக் கீறினால் பொடியே வராது.

எந்தக் கல்லைப் பார்ப்பது என்று கேட்டால், அழகில்லாத கல்லைப் பாருங்கள் என்பேன். துருவேறி, பழுப்பும் சிவப்புமாக, புழு அரித்த மாதிரி ஓட்டை விழுந்த குவார்ட்ஸ், அதாவது வெள்ளைப் படிகக் கல். அந்த ஓட்டைகளில் சில சதுரமாக இருக்கும். அங்கே ஒரு காலத்தில் பைரைட் படிகம் இருந்து, காற்றும் தண்ணீரும் பட்டுத் துருவாகிக் கரைந்துவிட்டது. பைரைட்டுக்குள் தங்கம் இருந்திருந்தால் அது கரையாமல் குழியிலேயே நிற்கும். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் ஒவ்வொரு குழியாகப் பாருங்கள், பொறுமை வேண்டும். மெட்டல் டிடெக்டரை நம்பி மட்டும் போகாதீர்கள். பழைய ஆணி, ஈயக் குண்டு, பாட்டில் மூடி எல்லாவற்றுக்கும் கத்தும். குவார்ட்ஸில் தூளாகக் கிடக்கிற தங்கத்துக்கு மட்டும் வாயைத் திறக்காது.

கேஜிஎஃப்காரன்

அண்ணே, எங்கப்பா கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ல வேலை பார்த்தவர். மூணு கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது. "கல்லுல தங்கத்தைக் கண்ணால பார்த்திருக்கீங்களா"ன்னு ஊருக்குப் போற இடத்துலெல்லாம் கேப்பாங்க. அபூர்வமாத்தான்னு சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்க: டன்னுக்கு 5 கிராம்னாலே நல்ல தாது. அப்போ ஒரு கிலோ கல்லுல 5 மில்லிகிராம். எல்லாத்தையும் ஒண்ணா உருட்டினாக்கூட ஒரு எள்ளு அளவு வராது, அதுவும் கல்லு முழுக்கத் தூளாப் பரவிக் கிடக்கும். அதனாலதான் மில்லுல மாவா அரைச்சு சயனைடுல கரைச்சு எடுத்தாங்க. 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடியாச்சு, அரைச்சுக் கொட்டின சயனைடு மேடு மட்டும் ஊரைச் சுத்தி நிக்குது.

அதனால கண்ணுக்கு ஒண்ணும் தெரியலைன்னு கல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னொண்ணு, கல்லை உடைக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி நனைச்சுக்கங்க, கண்ணாடி போட்டுக்கங்க. குவார்ட்ஸ் தூசி நுரையீரலை என்ன பண்ணும்னு எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு சொல்வாங்க. இருமிக்கிட்டே ரிட்டயர் ஆனவங்க தெருவுல நான் வளர்ந்தேன்.

பந்தலூர்

எங்க பக்கம் நீலகிரி தேவாலாவில் 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பதிவு செய்து, கோடிக்கணக்கில் பணம் திரட்டி வெள்ளைக்காரன் தங்கம் தேடினான். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது, சுரங்கக் குழிகள் மட்டும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே இன்னும் இருக்கின்றன. மரவையில் (மரத் தட்டில்) ஆற்று மண்ணை அலசினால் கடைசியில் கருமணல் தங்கும், அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு தெரியும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே உரிமம் இல்லாமல் தோண்டினால் வழக்கு. பழைய குழிக்குள் போய் மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியா கதையைப் படித்துவிட்டு யாரும் இங்கே வண்டி ஏறாதீர்கள்.

ஆசாரி வீட்டுப் பையன், கோவை

கல்லில் இருந்து ஒரு துணுக்கு பெயர்ந்தால் உரைகல்லில் இழுத்துப் பாருங்க. தங்கம்னா மஞ்சள் கோடு விழும், பைரைட்னா கறுப்பு. மஞ்சள் கோட்டில் திராவகம் ஒரு சொட்டு வைப்போம். பித்தளைன்னா நுரைச்சுக் காணாம போகும், நல்ல தங்கம் அப்படியே நிற்கும். வீட்டில் திராவகம் வாங்கி வச்சு விளையாடாதீங்க, பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. பாதரசம் போட்டு எடுக்கலாம்னு யாராவது யூடியூபில் சொன்னால் காதிலேயே வாங்காதீங்க.

புதுசு

உடைக்காம, குத்தாம பார்க்க வழி உண்டா? கல்லு ரொம்பக் கனமா இருக்கு.

பெண்டிகோ பக்கம் அலைபவன்

உண்டு தம்பி. சமையலறைத் தராசு போதும். கல்லை எடை போடு, 300 கிராம் என்று வைத்துக்கொள். தராசில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து எடையைப் பூஜ்யமாக்கு. கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடு. இப்போது தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த தண்ணீர். அது 110 என்றால் 300ஐ 110ஆல் வகு, 2.73. வெறும் குவார்ட்ஸ் 2.65. மிச்சம் முழுக்கத் தங்கம்தான் என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே இருக்கிறது.

'என்றால்' என்பதுதான் பிரச்சினை. இரும்புக்கல் கலந்திருந்தாலும் இதே எண்தான் வரும். அதனால் காந்தத்தையும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்.

கனத்தை வைத்து மட்டும் முடிவு பண்ணாதே. 2015இல் மேரிபரோ பக்கம் ஒருவர் டிடெக்டரோடு போய் 17 கிலோ எடையுள்ள சிவந்த கல் ஒன்றை எடுத்தார். உள்ளே தங்கக் கட்டி இருக்கிறது என்று ரம்பம், துளைப்பான், ஆசிட், சம்மட்டி எல்லாம் வைத்துப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. பல வருஷம் கழித்து மெல்போர்ன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். விண்கல் என்று சொன்னார்கள், வயது 460 கோடி வருஷம்.

உன் கல்லில் எண் 2.65க்கு மேலே வந்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால், ஒரு ஓரத்தை மட்டும் உடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. அரைத்து, ஈயத்தோடு உருக்கி, மிஞ்சுகிற மணியை எடை போட்டு டன்னுக்கு எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்குமுன் நிழலில் வைத்து எடுத்த படம் ஒன்றை இங்கே போடு, ஃபிளாஷ் வேண்டாம்.