ஏறாத மலைகளின் ஆண்டு

மலையேறும் நண்பர்கள் எல்லோரும் கடந்த ஓராண்டில் ஏறிய மலைகளைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். என்னிடம் இருப்பது 2025-இல் ஏறாமல் விட்ட மலைகளின் கணக்குதான். வாடகை உயர்ந்தது, மகள் பதினோராம் வகுப்புக்குப் போனாள், அலுவலகத்தில் ஊதிய உயர்வு என்ற பேச்சே எழவில்லை. தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருக்கும் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதலில் கைவிட்டது அகத்தியர்கூடம். 1,868 மீட்டர் உயரம். கேரள வனத்துறை ஜனவரியில் வழியைத் திறக்கும். முன்பதிவு தொடங்கினால் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். 2019-இல் பெண்களுக்கும் வழி திறந்ததிலிருந்து என் மனைவிக்கும் அந்த மலைமேல் ஒரு கண். அனுமதிக் கட்டணம், திருவனந்தபுரத்துக்கு ரயில், அங்கிருந்து போனக்காடு, அதிருமலை முகாமில் தங்கல், சாப்பாடு என்று இருவருக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். அதே தாளின் மேல்பாதியில் பள்ளிக் கட்டணத்தின் அடுத்த தவணை எழுதியிருந்தது. அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

வெள்ளியங்கிரிக்குச் செலவே இல்லை என்பார்கள். பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கினால் போதும் என்பது கோவைக்காரர்களுக்குச் சரி. சென்னைக்காரனுக்குச் செலவு மலையில் இல்லை, மலையடிவாரம் போய்ச் சேர்வதில் இருக்கிறது. ஏழு மலையும் ஏறி இறங்கியவனால் மறுநாள் வேலைக்கும் போக முடியாது. அந்த விடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவுடன் தொடங்கியது. கட்டணத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு, வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகலாம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். அந்த வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போகும் பணம் நல்ல பணம். ஆனாலும் குடும்பத்துக்கென்று பெருக்கிப் பார்த்தால் கை பின்வாங்கிவிடுகிறது.

போகாமல் இருந்தாலும் செலவு விடுவதில்லை. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த மலையேற்றக் காலணியை எடுத்தால் அடிப்பாகம் ரஸ்க் போல உதிர்கிறது. அதன் நடு அடுக்கு பாலியூரிதேன்; காற்றின் ஈரம் ஏறி ஏறி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். போட்டு நடந்தால் தேய்மானம், போடாமல் வைத்தால் இந்தக் கதி.

காசில்லாத ஆண்டில் எங்களுக்கு வாய்த்தது கடலாமை நடை. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நடத்துவது. இனப்பெருக்கக் காலத்தில், ஆமைகள் முட்டையிட்ட குழிகளைத் தேடி இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்க வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் செத்த பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் நீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். நாங்கள் முதலில் பார்த்தவை அப்படிச் செத்தவைதான். மகள் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஓர் இரவு, திருவான்மியூருக்கு முன்னால், உயிருள்ள ஒன்று. பின்துடுப்புகளால் குழி தோண்டி முட்டையிட்டு முடித்திருந்தது. மணலை மூடிய பின் உடலை இடமும் வலமும் தூக்கித் தூக்கிப் போட்டு அந்த இடத்தை அமுக்கியது. ஓடு மணலில் மோதும் சத்தம் சில அடி தள்ளி நின்ற எங்களுக்கே கேட்டது. அது கடலுக்குள் இறங்கும்வரை யாரும் அசையவில்லை. அதன் பிறகே தன்னார்வலர்கள் குழியைத் திறந்து, நூறு முட்டைக்கு மேல் எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே விட்டால் நாய் தோண்டும்; தப்பிப் பொரித்தாலும் தெருவிளக்கைப் பார்த்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர், “பக்கத்திலேயே இவ்வளவு இருக்கும்போது மலை எதற்கு?” என்பார். ஆமை ஆமைதான், மலை மலைதான். அகத்தியர்கூடம் போகாத குறை எனக்கு அப்படியே இருக்கிறது. ஜனவரியில் மறுபடியும் கணக்குப் போடுவோம்.

ஆமை நடைக்கு வர நினைப்பவர்களுக்கு: டார்ச் வேண்டாம், கைப்பேசியின் ஃபிளாஷ் கூடவே கூடாது. தண்ணீர் கொண்டுவாருங்கள். நடை முடியும்போது விடிந்திருக்காது. முதல் பஸ் வரும்வரை பெசன்ட் நகரில் காத்திருக்கத் தயாராக வாருங்கள்.