லினன் தொப்பி தோய்ச்ச பிறகு முன்மறைப்பு குமிழ் விட்டிட்டுது, நெத்திப் பட்டியில செம்மஞ்சள் கறை. திருத்தலாமோ?

கேள்வி: வலிகாமத்துப் பிள்ளை

பெண்கள் போடுற வெயில் தொப்பி, வெளிர் கிறீம் நிறம், லேபிளில 100% லினன் எண்டு இருக்கு. முன்னுக்கு மட்டும் மறைப்பு, பின்னுக்கு இலாஸ்ரிக். கிணத்துத் தண்ணியில உடுப்புச் சவர்க்காரம் போட்டு ஊறவைச்சுத் தோய்ச்சுக் கொடியில கிளிப் போட்டுக் காயவிட்டது. இப்ப:

முன்மறைப்பின்ர மேல் துணி குமிழ் குமிழாய் எழும்பி நிக்குது. உள்ளுக்கு நெத்தி படுற பட்டியில இருந்த மங்கல் மஞ்சள், தோய்ச்ச பிறகு செம்மஞ்சளாய் மாறியிட்டுது (சன் கிறீம் நாளாந்தம் பூசுறது, தலைக்குத் தேங்காயெண்ணெய்). துணி முழுக்கச் சாம்பல் பிடிச்ச மாதிரி, தொட்டால் சொரசொரக்குது. அதோட இறுக்கம். என்ர தலைச் சுற்றளவு 56 செ.மீ., தொப்பியின்ர உள் சுற்றளவு இப்ப 55.

புளீச்சில ஊறவைச்சால் கறை போகுமோ?

மறுமொழி: கொக்குவில் தையல்

தங்கச்சி, புளீச் போத்தலைத் திறக்காதேங்கோ. கறை கூடும், காரணத்தை ரீச்சர் வந்து சொல்லுவா. நான் முன்மறைப்பைப் பற்றிச் சொல்லுறன்.

லினனில பிழையில்லை. ஆளிநார் ஈரத்தில பலம் கூடுற நார், தோய்ச்சால் பழுதாகாது. குமிழ் வாறது துணிக்கு அடியில ஒட்டியிருக்கிற விறைப்புத் துணியால. அதுக்கு ஒரு பக்கம் பசைப் பொட்டுகள் இருக்கும், சூட்டில உருகித் துணியோட ஒட்டும். முன்கூட்டித் தோய்க்காத லினன் முதல் தோய்ப்பில 100க்கு 3 தொடக்கம் 5 வரை சுருங்கும். விறைப்புத் துணி அந்தளவு சுருங்காது. இரண்டும் ஒண்டை ஒண்டு இழுக்கிற இழுவையில, பசை சரியாய்ப் பிடிக்காத இடங்களில விட்டுப்போகும். அந்த இடம்தான் குமிழ்.

இது திருத்தலாம், ஆனால் அயன் எடுக்க முதல் உள்ளுக்கு என்ன தட்டு இருக்கு எண்டு பாருங்கோ. நகத்தால தட்டினால் 'டக்' எண்டு கூர்மையாய்க் கேட்டு, வளைச்சு விட உடனே பழைய வடிவத்துக்கு வந்தால் பிளாஸ்ரிக். மந்தமாய்க் கேட்டு, அழுத்தின இடம் பள்ளமாய் நிண்டால் மட்டை. ரெண்டும் இல்லாமல் மெதுவாய் மடங்கினால் வெறும் கன்வஸ்.

கன்வஸ் எண்டால் நேரே அயன் பண்ணலாம். மட்டை எண்டால் அது தண்ணி பட்டவுடனேயே முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும். பிளாஸ்ரிக்குக்கு மேல அயன் வைக்கவே கூடாது: லினனுக்கு வேண்டிய சூடு 200 பாகை செல்சியஸ் அளவு, அந்தத் தட்டு 130க்குக் கிட்டவே இளகிப் போகும்.

மறுமொழி: ரசாயன ரீச்சர்

கறையும் சாம்பலும் வெவ்வேறு காரணத்தால வந்தது பிள்ளை.

சாம்பலும் சொரசொரப்பும் எங்கட தண்ணியால. யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது, கல்சியம் கூடின வன்னீர். சவர்க்காரம் கல்சியத்தோட சேர்ந்து கரையாத படிவாகி நாருக்குள்ள இருந்துவிடும். திருப்பித் திருப்பிச் சவர்க்காரம் போட்டால் படிவும் கூடிக்கொண்டே போகும். ஆனபடியால் லினனுக்குச் சவர்க்காரக் கட்டி வேண்டாம். திரவ டிற்றேஜன்ட் போடுங்கோ, அது வன்னீரோட அப்பிடிப் படியாது. இருக்கிற படிவுக்கு 1 லீற்றர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 3 மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைச்சு அலசுங்கோ.

செம்மஞ்சள் கறை சன் கிறீமாலதான் இருக்கும். கன கிறீம்களில அவோபென்சோன் எண்ட பொருள் இருக்கு. அது இரும்போட சேர்ந்தால் துரு நிறத்தில கறை பிடிக்கும். தண்ணியில கொஞ்ச இரும்பு இருந்தாலே போதும், பழைய இரும்புக் குழாய், துருப்பிடிச்ச கொடிக் கம்பி, கிளிப்பின்ர ஸ்பிரிங் எல்லாத்தாலயும் வரலாம். குளோரின் புளீச் அந்த இரும்பை எடுக்காது, நிறத்தைத்தான் இன்னும் இறுக்கும். வியர்வைப் புரதத்தையும் அது மஞ்சளாக்கும்.

கறை எடுக்கிறதில ஒழுங்கு முக்கியம். முதல் எண்ணெய், பிறகு இரும்பு. எண்ணெய் மேல நிண்டால் அமிலம் நாருக்குள்ள போகாது.

காய்ஞ்ச பட்டியில, தண்ணி படாமல், பாத்திரம் கழுவுற திரவம் ஒரு தேக்கரண்டி விட்டு விரலால தடவி 15 நிமிசம் விடுங்கோ. பழைய பல்துலக்கி பிரசால மெதுவாய் நெசவு போற திசைக்கு உரஞ்சி வெந்நீரில அலசுங்கோ. பிறகு பலசரக்குக் கடையில விக்கிற சித்திரிக்கமிலம் 1 தேக்கரண்டி, 200 மி.லீ. சூடான தண்ணியில கரைச்சு, கறைப் பகுதியை மட்டும் 20 நிமிசம் அதுக்குள்ள வையுங்கோ. அது கிடைக்காட்டில் தேசிக்காய்ப் புளி விட்டு உப்புத் தூவலாம், ஆனால் நேரம் எடுக்கும். மங்கினால் இன்னொருக்காச் செய்யலாம். முடிவில நல்லா அலசவேணும். அமிலம் நாருக்குள்ள காய்ஞ்சால் லினன் பலம் குறையும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி இருந்தால் அதையே பாவியுங்கோ.

சாயம் போட்ட தொப்பி எண்டால் உள்மடிப்பில ஒரு துளி விட்டுப் பார்த்திட்டுத்தான் தொடங்கவேணும். வினாகிரியையோ சித்திரிக்கமிலத்தையோ புளீச்சோட சேர்க்கவே வேண்டாம், நச்சு வாயு வரும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ரீச்சர், நன்றி அக்கா. தட்டிப் பார்த்தன், பிளாஸ்ரிக்தான். அப்ப குமிழை என்ன மாதிரி எடுக்கிறது?

மறுமொழி: கொக்குவில் தையல்

தட்டை வெளியில எடுத்துப்போட்டுச் செய்யவேணும். கறையும் படிவும் போய்த் தொப்பி காய்ஞ்ச பிறகு தொடங்குங்கோ, இல்லாட்டில் அயன் சூடு கறையை நிரந்தரமாக்கிப்போடும்.

நெத்திப் பட்டியை உள்ளுக்கு மடிச்சால் முன்மறைப்பு தொப்பியோட சேருற தையல் தெரியும். நடுவில இருந்து ரெண்டு பக்கமும் பிரியுங்கோ, மொத்தம் 9 அல்லது 10 செ.மீ. போதும். தட்டைச் சற்று உருட்டி இழுத்தால் வரும். எந்தப் பக்கம் மேல் எண்டு பேனையால குறியுங்கோ, வளைவு மாறினால் திருப்பிப் போடேக்க கரைச்சல்.

இப்ப முன்மறைப்புத் துணி மேல நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிய கொட்டன் துணி ஒண்டு. அயன் லினன் சூட்டில. வைச்சு அழுத்தி 12 செக்கன், தூக்கி அடுத்த இடம். இழுத்துத் தேய்க்க வேண்டாம், இழுத்தால் குமிழ் ஓரத்துக்கு ஓடி அங்க நிரந்தர மடிப்பாகும். நடுவில இருந்து ஓரத்துக்குப் போங்கோ. முழுக்க ஆறுமட்டும் கை வைக்காதேங்கோ; பசை இறுகிறது ஆறேக்கதான். கன பேர் அவசரப்பட்டுத் தூக்கிறது இந்த இடத்திலதான்.

ஆறின பிறகும் எழும்பினால் பசை செத்திட்டுது. புது விறைப்புத் துணி, தையல் சாமான் கடையில பேஸ்ரிங் எண்டு கேட்டால் தருவினம். மெல்லிசு வாங்குங்கோ. வெதுவெதுப்புத் தண்ணியில ஊறவைச்சுக் காயவிட்டு, முன்மறைப்பு வடிவத்துக்கு, தையல் கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளுக்கு நிக்க வெட்டி ஒட்டுங்கோ.

பிளாஸ்ரிக் வெடிச்சிருந்தால் பழைய தண்ணிக் கானின்ர வளைஞ்ச பக்கத்தில வெட்டலாம். முனைகளை வட்டமாக்கி மண்கடதாசியால தேயுங்கோ, இல்லாட்டில் லினனைக் குத்திக்கொண்டு வரும். பழைய ஊசித் துளைகளிலேயே கையால பின்தையல் போட்டு மூடுங்கோ.

இறுக்கத்துக்கு: 56 செ.மீ. சுற்றளவுக்கு வாய் அகலம் 18 செ.மீ. அளவு வரும். 18.5 செ.மீ. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிட்டு, ஈரத்தொப்பியை அதுக்கு மேல இழுத்துப் போட்டு நிழலில காயவிடுங்கோ. அரைச் சென்ரிமீற்றர் திரும்பக் கிடைக்கும், மிச்சம் இலாஸ்ரிக்கால. இலாஸ்ரிக் ஓடுற புழையை உள்பக்கத்தால திறந்து, பழைய இலாஸ்ரிக்கை விட 2 செ.மீ. நீளம் கூடினதைக் கோருங்கோ.

இன்னொரு கேள்வி: பருத்தித்துறை

பள்ளிக்கூட மைதானத்தில வெயிலுக்குள்ள நிக்கிறவைக்கு லினன் தொப்பி புதுசாய் வாங்கேக்க என்னத்தைப் பார்க்கவேணும்?

மறுமொழி: கொக்குவில் தையல்

அக்கா, மணிக்கணக்கில வெயிலுக்குள்ள நிக்கிறதெண்டால் முன்மறைப்பு மட்டும் இருக்கிறது போதாது. காதும் பிடரியும் திறந்து கிடக்கும். சுத்திவர 7.5 செ.மீ. விளிம்பு இருக்கிறதை எடுங்கோ.

அளவு: நெத்தியில புருவத்துக்கு ஒரு விரல் மேல, காதுக்குச் சற்று மேல, பின்னுக்குத் தலை கூடப் புடைக்கிற இடம். கொண்டை போடுறவை கொண்டையோட அளக்கவேணும். தோய்க்காத லினன் எண்டால் 2 செ.மீ. கூட எடுங்கோ.

தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கோ. நூலுக்கிடையில பொட்டுப் பொட்டாய் வெளிச்சம் தெரிஞ்சால் வெயிலும் அதுக்குள்ளால வரும். லினன் இயல்பிலேயே இடைவெளி கூடின நெசவு, அதனால ரெண்டு அடுக்குத் துணி அல்லது கொட்டன் உள்துணி வைச்சது நல்லம். விளிம்பின்ர அடிப்பக்கம் கடும் நிறம் எண்டால் மணல் தரையில இருந்து தெறிக்கிற வெளிச்சம் கண்ணுக்குக் குறையும்.

லினன் எண்டு சொல்லி பொலியெஸ்ரர் கலந்தது கனக்க விக்கினம். உள்மடிப்பில ஒரு நூல் உருவிக் கொளுத்துங்கோ. கடதாசி மாதிரி எரிஞ்சு மென்சாம்பலாய் உதிர்ந்தால் பொலியெஸ்ரர் இல்லை. உருகிக் கறுத்த மணி கட்டினால் கலப்படம், வியர்வையை அது உறிஞ்சாது. கொட்டனும் லினன் மாதிரியே எரியும். லினனில நூல் இடைக்கிடை தடிச்சும் மெலிஞ்சும் இருக்கும், அதைப் பாருங்கோ.

பருத்தித்துறையில சோளகக் காத்தும் வாடைக் காத்தும் நல்லா அடிக்கும், நாடி நாடா இல்லாமல் வாங்க வேண்டாம். நாடாவைத் தனியவும் தைக்கலாம், காதுக்கு நேரே பட்டியின்ர உள்தையலோட சேர்த்து.

மறுமொழி: ரசாயன ரீச்சர்

ஒண்டு விட்டுப்போச்சு. சன் கிறீம் பூசி 15 நிமிசம் கழிச்சுத் தொப்பியைப் போட்டால் பட்டியில ஒட்டுறது குறையும். நெத்திப் பட்டிக்கு உள்ளால கழட்டக்கூடிய கொட்டன் துண்டு ஒண்டு, 4 செ.மீ. அகலத்தில, நாலு இடத்தில நூல் பிடிச்சு வையுங்கோ. அதை மட்டும் அடிக்கடி தோய்க்கலாம். செம்மண் பட்டால் ஈரத்தில துடைக்க வேண்டாம், காயவிட்டுப் பிரசால தட்டிப்போட்டுத்தான் தண்ணி. காயவிடேக்கயும் மரக் கிளிப் அல்லது முழுப் பிளாஸ்ரிக் கிளிப், கொடியும் நைலோன் கயிறு.